மீன் தொட்டி வாங்குமுன்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்)

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மதர் அவர்களின் நாமத் திருநாளுக்கு என்ன பரிசு அளிப்பது என்று ஒரு வாரம் யோசித்தோம். பூங்கொத்து வாடிவிடும், கேக் தீர்ந்துவிடும். உயிருள்ள பரிசாக இருக்கட்டும் என்று ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் மூன்று தங்கமீன்களும் வாங்கினோம். பெற்றோர் வந்து அமரும் பார்லர் அறையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்த முக்காலியின்மேல் அது வைக்கப்பட்டது. வந்தவர் எல்லாரும் புகழ்ந்தார்கள். கடிதம் கொண்டுவந்த தபால்காரர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் காலையில் ஒரு மீன் இறந்து மிதந்தது. பதினான்காம் நாள் இன்னொன்று. இரண்டையும் மாதா கெபியின் பின்புறம் பவளமல்லி மரத்தடியில் புதைத்தோம். மூன்றாவது மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது பசியால் வாயசைக்கிறது என்று எண்ணி நாங்கள் இன்னும் கொஞ்சம் தீனி போட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யாரால் இறந்தது என்று வகுப்பில் வழக்கு நடந்தது. தீனி அதிகம் என்றனர் சிலர். குழாய்த் தண்ணீர் என்றனர் சிலர். எல்லாரும் புகழ்ந்ததால் கண்ணேறு பட்டது என்றும் ஒருத்தி சொன்னாள். எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பிள்ளைகளே, அந்தக் கிண்ணத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. “அறிவியல் புத்தகத்தை மூடி வையுங்கள். ஸ்கேலை எடுங்கள்” என்றார்.

இந்தக் கட்டுரை அன்று தொடங்கிய கணக்குதான். நம் வீடுகளில் மீன் வளர்க்க விரும்பும் தோழியரும், பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகக் கடைக்குச் செல்லும் பெற்றோரும் வாங்கும் முன்பே இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

கிண்ணத்தின் கணக்கு

எங்கள் கிண்ணத்தின் உள்விட்டம் 25 செ.மீ. வாய் விட்டம் 15 செ.மீ. கோளத்தின் கன அளவு காணும் சூத்திரத்தைப் போட்டால் 8,184 கன சென்டிமீட்டர் வருகிறது. 1,000 கன செ.மீ. ஒரு லிட்டர் ஆதலால், முழுக்கோளமாக இருந்தாலும் எட்டு லிட்டருக்குச் சற்று மேல்தான். கூழாங்கற்கள் பிடித்த இடத்தையும் கழுத்துக்கு மேலுள்ள பகுதியையும் கழித்தால் ஏறத்தாழ ஏழு லிட்டர். அதை மூன்றால் வகுத்தால் ஒரு மீனுக்கு இரண்டு சொம்புத் தண்ணீர்! அதற்குள்தான் அது உண்ண வேண்டும், மூச்சுவிட வேண்டும், கழிவையும் வெளியேற்ற வேண்டும்.

இதைவிட ஆச்சரியம் அடுத்த கணக்கில் இருந்தது. மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. அந்த ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே காற்றிலிருந்து உள்ளே இறங்குகிறது. ஆகவே நீரின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. காற்றுப்படும் பரப்பையும் பார்க்க வேண்டும். கழுத்துவரை நீர் நிரப்பிய எங்கள் கிண்ணத்தில் அந்தப் பரப்பு 15 செ.மீ. விட்டமுள்ள வட்டம், அஃதாவது 177 சதுர செ.மீ. பாதி மட்டும் நிரப்பியிருந்தால் வட்டத்தின் விட்டம் 25 செ.மீ. ஆகிப் பரப்பு 491 சதுர செ.மீ. ஆகியிருக்கும். நிறைய நீர் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் கழுத்துவரை ஊற்றி, மீன்களின் சன்னலைச் சாத்திவிட்டோம். பாதி நிரப்பினால் காற்று கிடைக்கும், ஆனால் நீர் நான்கு லிட்டராகச் சுருங்கிவிடும். உருண்டைக் கிண்ணத்தில் எப்படிச் செய்தாலும் ஒன்று போகிறது.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்பும் இனம். மேலே வந்து வாயைத் திறந்து மூடிய எங்கள் மீன் தீனி கேட்கவில்லை, காற்றுக் கேட்டது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருந்ததே, பிறகு ஏன் இறந்தன என்று கேட்டோம். அம்மோனியாவுக்கு நிறமில்லை என்றார் சிஸ்டர்.

மீன்கள் தம் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக அம்மோனியாவாகவே வெளிவிடுகின்றன. எஞ்சிய தீனியும் எச்சமும் அழுகினாலும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது விரவிப் போய்விடும். தொட்டிக்குள் போவதற்கு வழி ஏது? ஆனால் கடவுளின் படைப்பில் அதற்கும் வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் அதைப் பெருந்தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உண்ணும். மீதியை நாம் வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றி வெளியேற்ற வேண்டும். இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பல புத்தகங்களில் உள்ளது. நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்வன நைட்ரோஸ்பைரா இனத்தவை என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இந்தப் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்களோ கிண்ணம் வாங்கிய அன்றே மீனை விட்டோம். அதுமட்டுமா? நான்கு நாளைக்கு ஒருமுறை நீரை முழுவதும் கொட்டி, கூழாங்கற்களைத் தேங்காய் நாரால் தேய்த்து, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தோம். யார் நன்றாகத் தேய்ப்பது என்று போட்டி வேறு. அப்படியாக, மீனைக் காக்க வந்த உயிர்களை ஒவ்வொரு முறையும் நாங்களே கழுவி ஊற்றிவிட்டோம்.

சிறிய தொட்டிக்கும் பெரிய தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஒரு கரண்டி உப்பைக் கைதவறி ஒரு டம்ளர் ரசத்தில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே உப்பு விடுதிச் சமையலறையின் அண்டாவில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அம்மோனியாவும் அப்படியே. ஏழு லிட்டரில் ஒரே நாளில் நஞ்சாகும் கழிவு, எழுபது லிட்டரில் பத்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும். நாம் செய்த தவற்றைத் திருத்திக்கொள்ள நாட்களும் கிடைக்கும். மதிய வெயிலில் சிறிய கிண்ணம் விரைவில் சூடேறிவிடுகிறது, இரவில் விரைவில் குளிர்கிறது. பெரிய தொட்டி மெல்ல மெல்லத்தான் மாறும். முதன்முதலாக மீன் வளர்ப்பவருக்குச் சின்னத் தொட்டி போதும் என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் கருத்து நேர்மாறானது. சின்னத் தொட்டி கைதேர்ந்தவர்களுக்கு. எங்களைப் போன்ற புதியவர்களுக்குப் பெரிய தொட்டிதான் எளிது.

முன்னோடிகள் செய்தது

கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு பெண்மணியைச் சந்தித்தோம். ழான் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சு அம்மையார் 1794-இல் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். பாரிசுக்குச் சென்று தையல் வேலை செய்து, 1816-இல் ஓர் இளவரசியின் திருமண உடைக்குப் பூவேலை செய்து புகழ்பெற்றார். திருமணமாகிச் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறியபின், தாமே படித்துத் தாமே ஆய்வு செய்யத் தொடங்கினார். ஆர்கோநாட் என்னும் கடல் உயிரி தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறோர் உயிரின் ஓட்டில் குடியேறுகிறதா என்பது அக்காலத்தில் பெரிய விவாதம். செத்த உடலைப் பார்த்து அதை எப்படித் தீர்ப்பது? உயிரோடு வைத்துப் பார்க்க 1832-இல் அவர் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார்; கடலுக்குள் இறக்கிவைக்கும் கூண்டுகளையும் அமைத்தார். அது தன் ஓட்டைத் தானே செய்கிறது என்று நிலைநாட்டினார். வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கு 1997-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. தையல் ஊசி பிடித்த கை அது என்பதில் எங்கள் தையல் வகுப்பு சிஸ்டருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் மீன்களையும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்துப் பார்த்துத் தம் முடிவை 1850-இல் வெளியிட்டார். முதலில் செடியின் இலைகள் அழுகி நீர் கெட்டது. அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டபின் சரியாயிற்று. எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது ஒரு சிறு செய்திதான். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஏறக்குறைய 12 காலன், அதாவது ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்வது. அதில் அவர் விட்டவை இரண்டே இரண்டு சிறிய தங்கமீன்கள்!

தங்கமீனின் தாயகமாகிய சீனத்தில் அவற்றைக் குளங்களிலும் அகன்ற மண் தொட்டிகளிலும் வளர்த்து, மேலிருந்து பார்த்து மகிழ்ந்தார்கள். நாம் வைக்கும் உருண்டைக் கிண்ணம் பிற்கால அலங்காரம். இத்தாலி நாட்டின் மோன்சா நகரில் 2004-இலும், திருத்தந்தையின் நகரமாகிய உரோமையில் 2005-இலும் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதற்கே தடை விதித்தார்கள் என்று படித்ததும், பார்லரிலிருந்த எங்கள் கிண்ணத்தை நினைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடையில் கேட்கும் பேச்சு

கடைக்காரரிடம் “இந்த மீன் எவ்வளவு பெரிதாகும்?” என்று கேட்டோம். “தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் பாப்பா, கவலைப்படாதே” என்றார். இதைப் பல இடங்களில் கேட்கலாம். பாதி உண்மைதான். நெருக்கமான இடத்தில் கழிவு தேங்கிய நீரில் மீன் சரியாக வளராது என்பது மெய். ஆனால் அது தொட்டிக்குப் பொருந்திக்கொண்டு நலமாக இருக்கிறது என்று பொருளன்று. சோறும் காற்றும் சரியாகக் கிடைக்காத குழந்தை குள்ளமாக இருந்தால் வீட்டுக்குத் தக்கபடி வளர்ந்தது என்போமா?

சாதாரணத் தங்கமீன் நல்ல இடத்தில் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும். விசிறிவால், தொப்பித்தலை போன்ற குண்டு வகைகள் 15 முதல் 20 செ.மீ. ஆகும். பத்து முதல் இருபது ஆண்டு வாழக்கூடியவை. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. எங்களுடையவை வாழ்ந்தது இரண்டு வாரம்.

மீனின் நீளத்தைக் கொண்டு தொட்டியை முடிவு செய்ய ஒரு பழைய விதி உண்டு. ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன், ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர் என்பது அது. மெலிந்த சிறு மீன்களுக்கு இது ஓரளவு பொருந்தும். பெரிய மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது. காரணம் நம் கணக்குப் பாடத்திலேயே உள்ளது. வடிவொத்த இரு பொருள்களில் நீளம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். 5 செ.மீ. நீளத்தில் வாங்கும் தங்கமீன் 20 செ.மீ. ஆகும்போது நீளம் நான்கு மடங்கு, எடையோ 64 மடங்கு! கழிவும் அந்த விகிதத்துக்கு நெருங்கிக் கூடும். ஆகவே கடையில் பார்க்கும் குஞ்சின் அளவைப் பாராமல், முழு வளர்ச்சியின் அளவைக் கேட்டுத் தெரிந்தே தொட்டி வாங்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் குண்டுத் தங்கமீன் ஒன்றுக்கு 75 லிட்டரும், கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டரும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் மூன்று மீன்களுக்கு 155 லிட்டர் வேண்டியிருந்தது. நாங்கள் கொடுத்தது ஏழு.

தொட்டியைத் துடைக்கும் மீன் என்று ஒன்றைக் கூடவே கட்டிக்கொடுப்பார்கள். ‘சக்கர் மீன்’ என்பார்கள். கட்டைவிரல் அளவில் இருக்கும் அது முழங்கை நீளத்துக்கு வளரும். வீட்டில் இடமில்லாமல் போனதும் மக்கள் அதை ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறார்கள். இப்போது சென்னையின் நீர்நிலைகள் உட்படப் பல இடங்களில் பெருகி, மீனவரின் வலையில் நாட்டு மீனுக்குப் பதிலாக அது விழுகிறது. முட்கள் வலையையும் கிழிக்கின்றன. தொட்டியின் அளவு தெரியாமல் வாங்கிய பிழை ஏரிவரை போகிறது. வளர்ப்பு மீன் எதையும் குளத்தில் விடுவது கருணையன்று.

எந்த மீனுக்கு எது?

நீர்க் கொள்ளளவு சரியாக இருந்தாலும் வடிவம் தவறாகலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 57 லிட்டர் பிடிக்கும். மேற்பரப்பு 2 சதுர அடி. அதே தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் 2 அடி உயரத்தில் செய்தால் அதே 57 லிட்டர்தான். ஆனால் மேற்பரப்பு 1 சதுர அடி. காற்று பாதி. அலங்காரத்துக்காகச் செய்யும் உயரமான, ஒடுங்கிய தொட்டிகளை எங்களுக்குப் பிடிக்கவில்லை. கைவிட்டுச் சுத்தம் செய்யவும் எட்டாது. மேலும் நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம் அல்லவா? உயரம் கூடினால் கண்ணாடியின் கனமும் கூட்ட வேண்டும், செலவும் கூடும்.

ஆயினும் ஏஞ்சல் மீனுக்கு உயரம் வேண்டும். அதன் துடுப்புகள் மேலும் கீழும் நீண்டிருப்பதால் ஒன்றரை அடியாவது உயரமுள்ள தொட்டி இல்லாவிட்டால் துடுப்பு மடங்கும். வரிவரியாக இருக்கும் ஸீப்ரா மீன் விரல் நீளமும் இல்லை. ஆனால் ஓயாமல் அங்குமிங்கும் விரைவது. அதற்கு உயரத்தைவிட நீளம் முக்கியம்.

ஃபைட்டர் மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் வீட்டில் அது ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. செவுளைத் தவிரக் காற்றை நேராகச் சுவாசிக்கும் தனி உறுப்பு அதற்கு உண்டு. அதனால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் உடனே சாவதில்லை. “சேற்றுப் பள்ளத்தில் வாழும் மீன்தானே, பாட்டில் போதும்” என்கிறார்கள். தாய்லாந்து முதலிய நாடுகளின் வயல்களிலும் சதுப்பிலும் வாழ்வது அது. அந்த நீர் ஆழம் குறைந்தது, உண்மை. ஆனால் பரந்து கிடப்பது. காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தாலும் அம்மோனியாவைத் தாங்கத் தெரியாது. 15 லிட்டருக்குக் குறையாத தொட்டி, மேலே வந்து மூச்செடுக்க மூடிக்குக் கீழே கொஞ்சம் காலியிடம், ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மீன், இவ்வளவும் வேண்டும். ஆறு பாட்டில்களில் நான்கு இன்று காலியாகி, மீன்கள் தொட்டிக்கு மாறிவிட்டன. மற்ற இருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பிறந்து உலகெங்கும் விற்கப்படும் ‘மிஸ் கேரளா’ என்னும் மீன் உண்டு. 1865-இல் பிரான்சிஸ் டே என்பவர் இதை விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் துரையின் பெயரை வைத்தார். செந்நிறக் கோடு பார்ப்பவர் மனத்தை இழுக்கும். ஆனால் கூட்டமாக நீந்தும் இயல்புடையது, 11 முதல் 15 செ.மீ. வளர்வது, ஓடும் நீரில் வாழ்ந்து பழகியது. நான்கு அடிக்குக் குறைந்த தொட்டியில் ஐந்தாறு மீன்களை அடைப்பது சரியன்று. ஓடைகளிலிருந்து அளவுமீறிப் பிடித்ததும் அதன் இனம் குன்றியதற்கு ஒரு காரணம். அழகாயிருக்கிறது என்று ஒன்றே ஒன்றை வாங்கிவந்து இரண்டடித் தொட்டியில் தனியாக விடாதீர்கள்.

எடையை மறந்த கதை

தொட்டி வாங்கப் பணம் சேர்க்க, பழைய நாளிதழ்களை விற்றோம். பள்ளி விழாவில் வடையும் சுக்குக் காப்பியும் விற்கும் கடை போட்டோம். இரண்டடித் தொட்டிக்குப் பணம் சேர்ந்தது. பார்லரின் அதே முக்காலியில் வைக்கலாம் என்று நாங்கள் சொன்னபோது, தோட்டக்காரத் தாத்தா சிரித்தார். “தண்ணி கனம் தெரியுமா பாப்பா? ஒரு குடம் தூக்கிப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

மறுபடி கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. முழுவதும் நிரப்பினால் 57 கிலோ. 5 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை ஒன்பது கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் எட்டுப் பத்துக் கிலோ. மொத்தம் 75 கிலோ! எங்கள் வகுப்பில் எவரும் அந்த எடை இல்லை. முக்காலி அன்றே முறிந்திருக்கும். பழைய நூலக மேசை ஒன்று கிடைத்தது. நான்கு காலும் தரையில் சமமாக ஊன்றுகிறதா என்று பார்த்து, மேலே தெர்மகோல் பலகை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்தோம். மேசை ஒருபுறம் சாய்ந்திருந்தால் எடை ஒரு மூலையில் இறங்கி ஒட்டுப்பசை விட்டுவிடும். வெயில் விழும் சன்னலோரத்தையும் தவிர்த்தோம். வெயில் பட்டால் நீர் சூடாவதோடு பாசியும் பிடிக்கும். நீர் நிரம்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது; ஆதலால் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்க வேண்டும்.

மூன்றாவது மீன்

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி எழுந்தது. உயிர்தப்பிய தங்கமீனைச் சமையலறையிலிருந்து இரவல் வாங்கிய அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருந்தோம். புதிய தொட்டி அதற்காகத்தானே? ஆனால் எங்கள் கணக்கே எங்களுக்கு எதிராக நின்றது. மணல் இரண்டு அங்குலமும் மேலே இரண்டு அங்குலக் காலியிடமும் போனால் எங்கள் தொட்டியில் உண்மையான நீர் 38 லிட்டர்தான். ஒரு தங்கமீனுக்குக்கூட அது போதாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டிக்குப் பணமில்லை. அதன் எடையைத் தாங்க மேசையும் இல்லை. சிலர் அழுதேவிட்டோம். “ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமே, பிறகு பார்க்கலாம்” என்று ஒரு கட்சி. “கிண்ணத்தையும் அப்படித்தானே வாங்கினோம்” என்று மறு கட்சி. அரைமணி நேரம் வாதாடி, கைதூக்கி வாக்கெடுத்தோம். இரண்டாம் கட்சி மூன்று வாக்கில் வென்றது. இதை எழுதும் நாங்கள் இரண்டு கட்சியிலும் இருந்தவர்கள்.

கன்னியர் மடத்துத் தோட்டத்தில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. கொசு சேரும் என்பதற்காகத் தாத்தா அதை வெறுமையாகவே வைத்திருந்தார். 5 அடி நீளம், 4 அடி அகலம். 2 அடி நீர் நிறுத்தினால் ஏறக்குறைய 1,130 லிட்டர். புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து நீரில் இறங்கி மீனுக்குக் கேடு செய்யும். இதுவோ பல ஆண்டு மழையில் நனைந்த தொட்டி. நன்றாகக் கழுவி, மாமர நிழல் படும் இடமாதலால் வெயிலுக்கு அஞ்சாமல், அல்லிக் கொடி ஒன்றைச் சட்டியோடு இறக்கிவைத்தோம். பூனைக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே வலை. மதர் அவர்களிடம் போய், தங்கள் பரிசு பார்லரிலிருந்து தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். “புனித அந்தோணியார் ரிமினியில் மீன்களுக்குப் போதித்தபோது, அவர்தான் கரைக்குப் போனார், மீன்களைக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொல்லவில்லை” என்று மதர் சிரித்தார். கொசுப் புழுக்கள் மீனுக்கு உணவாகிவிட்டதால் தாத்தாவுக்கும் மகிழ்ச்சி. தங்கமீனுக்குத் துணையாகப் பிறகு இன்னொன்றையும் விட்டோம்.

இரண்டடித் தொட்டியில் வடிகட்டி ஓடவிட்டு, நாளைக்கு ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு, மீனே இல்லாமல் ஆறு வாரம் காத்திருந்தோம். வெறும் தண்ணீரை ஏன் காட்சிக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் கேலி செய்தார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பரிசோதனை மருந்தில் காட்டாமல் நின்ற பிறகு, 2025 ஜனவரியில் எட்டுக் கப்பிகளை விட்டோம். முழுதும் வளர்ந்தாலும் மூன்று முதல் ஆறு செ.மீ. தான், 38 லிட்டர் அவற்றுக்குத் தாராளம். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கிய நீரால் மாற்றுகிறோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறோம்.

கப்பி குட்டி போடும் மீன் என்பதையும், ஒரு பெண் மீன் மாதத்துக்கு ஒருமுறை ஈனக்கூடும் என்பதையும் நாங்கள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குஞ்சுகளில் பலவற்றைப் பெரியவையே தின்றுவிடுகின்றன. ஆயினும் எட்டு இப்போது முப்பத்தொன்று ஆகிவிட்டது. தொட்டி மறுபடி நெருங்குகிறது. தோட்டத்துத் தங்கமீன் கடைசியாக அளந்தபோது 14 செ.மீ. இருந்தது, கப்பிகளை அங்கே விட்டால் ஒரே நாளில் விருந்தாகிவிடும். ஆகவே கப்பி வேண்டுவோர் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்கலாம். காசு வேண்டாம். உங்கள் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பெருக்கி, லிட்டரில் விடை கண்டு கொண்டுவர வேண்டும். உருண்டைக் கிண்ணத்தின் விட்டத்தைக் கொண்டுவருபவர்களுக்கு மீன் கிடையாது.